நட்சத்திர ரயிலும் சயாம் ரயிலும்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது ரயிலேறி விண்மீன்களுக்கிடையே பயணம் போகிறார்கள். 2023 ஏப்ரல் 26ஆம் நாள் வெளியான 'ஹொங்காய்: ஸ்டார் ரயில்' என்னும் விளையாட்டைத்தான் சொல்கிறேன். ஷாங்காய் நகரின் மிஹோயோ நிறுவனம் செய்தது; கைப்பேசியில் காசில்லாமல் இறங்குவது; அலோர் ஸ்டாரின் தாமான் வீடுகளிலும் சுங்கை பட்டாணியின் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவது. அண்டவெளியில் மிதக்கும் ஒரு நிலையத்தில் நாயகனோ நாயகியோ கண் விழிக்கிறார். தான் யார், எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு ஏதும் இல்லை. கையில் கிடைப்பது ஒரு பேஸ்பால் மட்டை. ஒளியை மிஞ்சும் கலங்களும் பேசும் இயந்திரங்களும் நிறைந்த உலகத்தில் அந்த ஒற்றைத் தடியைச் சுழற்றியபடி அவர் ஒரு ரயிலில் ஏறுகிறார். ரயில் கோள்தோறும் நிற்கிறது. இறங்கிய இடமெல்லாம் சண்டை. நால்வர் ஒரு புறம் நிற்க, எதிரிகள் மறுபுறம் வரிசைகட்டி நிற்கிறார்கள். அடுத்து யாருடைய முறை, அதற்கடுத்து யாருடைய முறை என்று திரையோரத்தில் முகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகைவனின் தலைக்கு மேலும் அவனுடைய பலவீனம் எதுவென்று சின்னம் போட்டுக் காட்டப்படுகிறது. ஆடுகிறவர் முடிவெடுக்கும்வரை காலம் அசைவதில்லை, பகைவனும் காத்திருக்கிறான். இந்தச் சண்டையில் அப்படி என்னதான் இருக்கிறது, சோற்றையும் மறந்து கிடக்கிறார்களே என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடையை ஷாங்காயில் தேடுவதைவிட இந்த மண்ணிலேயே தேடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கெடாத் தமிழருக்கும் போருக்கும் இடையிலான உறவு அவ்வளவு பழையது, அவ்வளவு விசித்திரமானது.

கணினிக்குத் திரை வாய்த்த தொடக்க காலத்திலேயே மனிதர் அதில் விண்வெளிச் சண்டையைத்தான் வரைந்தார்கள். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். நடுவே ஒரு விண்மீனின் ஈர்ப்பு, சுற்றிலும் இரண்டு கலங்கள், ஒன்றையொன்று சுட வேண்டும், அவ்வளவே. 1978இல் ஜப்பானின் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' உலகத்தையே பெட்டிகளின் முன்னால் நிறுத்தியது. எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும். என்ன ஆடினாலும் கடைசியில் தோல்விதான். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் 1981இல் இந்த ஆட்டப்பெட்டிகளுக்குத் தடை போட்டார். ஐந்தாண்டு கழித்து அவரே நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று, ஆட்டங்கள் நின்றபாடில்லை.

இன்னொரு கிளையும் உண்டு. அதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ரைஸ்விட்ஸ் என்பவர் முழுமைப்படுத்திய போர்ப்பலகை ஆட்டத்தில், களத்தில் விதி செய்யும் வேலையைப் பகடை செய்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1974இல், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அந்தப் பகடையை எடுத்து, படைக்குப் பதிலாக ஆளுக்கொரு மாந்தரைக் கொடுத்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' செய்தார்கள். 2003இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' என்று விண்வெளிக் கதையொன்றை வெளியிட்டபோது, ஒளிவாள்கள் மோதும் ஒவ்வொரு கணத்துக்கும் அடியில் இருபது பக்கப் பகடை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் உருண்டுகொண்டிருந்தது. ஒரு விசையைத் தட்டினால் போர் அப்படியே உறைந்து நிற்கும். யோசித்து, தோழர்களுக்குக் கட்டளையிட்டு, மறுபடி ஓடவிடலாம். நம் பாரதக் கதையில் பகடை உருண்ட பிறகுதான் போர் வந்தது. இங்கே போரின் வயிற்றுக்குள் பகடை. அந்த ஆட்டத்திலும் நாயகனுக்கு நினைவு இல்லை. பாதி வழியில்தான் தெரிகிறது, யாரை எதிர்த்துப் புறப்பட்டானோ அந்தப் பகைப்படையின் பழைய தலைவனே தான்தான் என்று. நினைவு துடைக்கப்பட்ட வீரர்கள் இந்த ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கதை சொல்கிறவனுக்கு வசதி என்பதால் மட்டும் இது நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அண்டங்கள் தோறும் போர் என்ற கற்பனை தமிழுக்குப் புதிதில்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மன் ஆள்வது ஒரு நாட்டையோ ஒரு கண்டத்தையோ அன்று. 1008 அண்டங்களை, 108 யுகங்களுக்கு. அண்டம் விட்டு அண்டம் போக அவனிடம் இந்திர ஞாலம் என்ற தேர் இருக்கிறது. அவனை எதிர்க்க வருகிற முருகனோடு வீரவாகு முதலான ஒன்பது வீரர்கள் வருகிறார்கள். (பயோவேர் ஆட்டத்திலும் நாயகனோடு சேரக்கூடிய தோழர்கள் ஒன்பது பேர்தான். தற்செயலே, ஆனாலும் எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது.) சூரனோடு நேர்ப்போர் தொடங்குமுன் வீரவாகு தூது போகிறார், வீரமகேந்திரபுரத்தில் பேச்சு நடக்கிறது, பேச்சு முறிந்த பிறகே பெரும்போர். பகைவரும் ஒரே மூச்சில் வருவதில்லை. முதலில் தாரகன், பிறகு பானுகோபன், சிங்கமுகன், கடைசியில்தான் சூரன். அவனும் கடலுக்குள் மாமரமாகி, வேல் பட்டுப் பிளந்து, சேவலும் மயிலுமாகிறான். பேச்சுக்கு ஒரு வாய்ப்பு, படிப்படியாக ஏறும் எதிரிகள், உருமாறும் கடைசிப் பகைவன்: இன்றைய விண்வெளி ஆட்டங்களின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. கந்த சஷ்டியின் ஆறாம் நாள் கோயில் வெளியில் சூரனின் பொம்மைக்கு யானைத் தலை வைத்து, அதை எடுத்துச் சிங்கத் தலை வைத்து, அதையும் எடுத்து மீசை முறுக்கிய சூரன் தலை வைக்கும்போது முன்வரிசையில் நின்று வாய்பிளந்த பிள்ளைகள் எல்லோருக்கும் முடிவு முன்பே தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் நின்றார்கள். முடிவு தெரிந்த போரை மறுபடி மறுபடி பார்ப்பதில் உள்ள இன்பத்தை இப்போதைய பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு அது பாட்டன் வழிச் சொத்து.

கெடாவின் தெற்கே கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி என்று ரப்பர்த் தோட்டங்கள் விரிந்த நிலத்தில் லயத்து வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்கு இந்த இன்பம் வேறு வடிவங்களிலும் கிடைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, கிராணியிடம் கணக்குக் கொடுத்துத் திரும்பிய உடம்புகள் திருவிழா நாளில் சிலம்பம் எடுத்தன. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, எதிராளிக்கு வணக்கம் சொல்லி, கம்பு உடலைத் தொட்டதா என்பதை ஊரார் பார்த்துச் சொல்ல, தோற்றவன் சிரித்துக்கொண்டே விலகி அடுத்தவனுக்கு இடம் விடுகிற சண்டை அது. வாரம் முழுவதும் குனிந்தே நின்ற ஒருவன் அந்தச் சில நிமிடங்கள் நிமிர்ந்து நின்றான். பிறகு திரை வந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில் எம்.ஜி.ஆர். வாள் வீசினார். 1963இல் வந்த 'கலை அரசி'யில் அவர் வேற்றுக் கிரகத்துக்கே போய்விட்டார், ஏ. காசிலிங்கம் இயக்கிய படம். பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கிற வேற்றுக் கிரகத்தாரைத் தேடிப் போகும் நாயகன், அங்கே ஒரு கோமாளியின் வேடத்தைத் தான் ஏற்று நடமாடுகிறான். வேடமேற்பு, விண்வெளி, சண்டை மூன்றும் சேர்ந்த தமிழ்ப்படம், அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாவதற்குப் பதினான்கு ஆண்டு முந்தியது! பறக்கும் தட்டு வரை போன நாயகனையும் நம் ரசிகர்கள் வாளில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கரும் அப்படித்தான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் 'டியூன்' எழுதியபோது, வேகமாக வரும் எதையும் தடுத்துவிடும் கவசம் ஒன்றைக் கற்பனை செய்து, அதன் மூலம் பத்தாயிரம் ஆண்டுக்கு அப்பாலும் மனிதரைக் கத்தியோடு எதிரெதிரே நிறுத்தினார். எட்டாத தூரத்திலிருந்து கொல்லும் ஆயுதங்கள் பெருகப் பெருக, முகம் பார்த்துச் சண்டையிடும் ஏக்கமும் கூடவே வளர்கிறது.

அந்த ஏக்கத்தின் காரணத்தை அலோர் ஸ்டாருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 8 அன்று போர் இங்கே வானத்திலிருந்து வந்தது. சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் இருந்த விமானத் தளங்களின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து சயாமின் சிங்கோராவுக்குத் தாக்கப் புறப்பட ஆயத்தமாக நின்ற பிரிட்டிஷ் விமானங்களும் தரையிலேயே அழிந்தன; முன்னதாக மேலெழும்பிவிட்ட ஒன்று மட்டும் தனியாகப் போனது. அதை ஓட்டியவர் ஆர்தர் ஸ்கார்ஃப். இலக்கில் குண்டு போட்டு, திரும்பும் வழியெல்லாம் சுடப்பட்டு, இடக்கையும் முதுகும் சிதைந்த நிலையில் அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அருகே வயலில் விமானத்தை இறக்கினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் அந்த மருத்துவமனையிலேயே இறந்தார். அங்கே அவருடைய மனைவி தாதியாக இருந்தார். போர் முடிந்த பின் 1946இல் விக்டோரியா கிராஸ் விருது கொடுத்தார்கள். எந்த விண்வெளி ஆட்டமும் இந்தக் கதையின் முதல் பாதியை ஆசையோடு எடுத்துக்கொள்ளும்: தனி ஒரு கலம், எதிரியின் வானம், முடியாத பணி. இரண்டாம் பாதிக்கு, அந்த மருத்துவமனைக்கு, ஆட்டத்தில் இடமில்லை.

அடுத்த சில நாளில் ஜித்ராவில் நடந்தது இன்னும் சிறுமையானது. பதினோராவது இந்தியப் படைப்பிரிவு மழைநீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்று வடக்கைக் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டிசம்பர் 11, 12 இரண்டு நாளில், டாங்கிகளோடு வந்த ஒரு சிறு முன்னணிப் படையின் முன் அந்த அரண் உடைந்தது. 13ஆம் தேதி அலோர் ஸ்டார் விழுந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் தெற்கே போய்விட்டார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கே போவது என்று கேட்கவும் எவருமில்லை. அவர்களுடைய முறை எப்போது என்று காட்டும் வரிசை எந்த ஓரத்திலும் இல்லை. பகைவனின் முகம் தெரியவில்லை. அவனுடைய பலவீனம் தெரியவில்லை. யார் பகைவன் என்பதேகூட ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது சயாம் ரயில். பர்மாவுக்குப் படை அனுப்ப, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டையும் மலையையும் குடைந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் குறைந்தபோது லாரியோடு வந்து பிடித்தார்கள். சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்ட அந்த மக்கள் மேற்குக்கரைப் பாதையில் வடக்கே போனார்கள். அந்தப் பாதை அலோர் ஸ்டார் நிலையத்தைக் கடந்துதான் பாடாங் பெசாருக்குப் போகிறது. இன்றும் அதே வழிதான். மழையிலும் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆசியத் தொழிலாளரில் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் மடிந்திருக்கலாம் என்கிறார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு மருத்துவர்களும் அதிகாரிகளும் கூட இருந்தார்கள். ரகசியமாகவேனும் நாட்குறிப்பு எழுதினார்கள். செத்தவன் பெயரைக் குறித்து வைத்தார்கள். நம்மவர் பெயர்களை எழுதி வைக்க எவருமில்லை. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலை எழுதியிராவிட்டால் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் அந்தக் காட்டின் இருட்டு இந்த அளவுகூடப் பதிவாகியிருக்காது.

ஆக, போரின் நடுவில் இருந்த ஒரு மக்களுக்குப் போர் எதைக் கொடுக்கவில்லையோ அதைத்தான் இந்த ஆட்டங்கள் அள்ளிக் கொடுக்கின்றன. யோசிக்கக் காலம், எதிரே ஒரு முகம், கூட நிற்க மூன்று தோழர், விழுந்தால் எழுந்து அதே வாசலில் மறுபடி நிற்கும் வரம். சண்டையின் கவர்ச்சி வன்முறையில் இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்காதவர்கள் என்பேன். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ரத்தம் குறைவு, கணக்கு அதிகம். யார் முன்னே, யார் பின்னே, எவருடைய சக்தியை இப்போது செலவழிப்பது, எவருடையதைச் சேமிப்பது என்ற கணக்கு. தன் செயலுக்கு ஒரு விளைவு உண்டு என்ற உறுதி அதில் கிடைக்கிறது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த தலைமுறைகளுக்கு அரிதாகக் கிடைத்தது அந்த உறுதிதான்.

அரிதாக என்றேன், அறவே கிடைக்காமல் போகவில்லை. ஜித்ராவில் சரணடைந்த படைத்தலைவர்களில் ஒருவரான மோகன் சிங், இந்திய விடுதலைக்காக உழைத்த ஞானி பிரீதம் சிங்கையும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் சந்தித்துப் பேசியது அலோர் ஸ்டாரில்தான்; இந்திய தேசிய ராணுவத்தின் முதல் பேச்சு இந்த ஊரில் எழுந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பின் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். பால் வெட்டிய பெண்கள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அந்தப் படை எதையும் வெல்லவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதலாம். ஆனால் அணிவகுத்து நடக்கப் பழகிய கால்கள் பழைய நடைக்குத் திரும்பவில்லை. 1946இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது, கூலி உயர்வு கேட்டது, ராணுவ ஒழுங்கோடு தோட்டச் சாலைகளில் நடந்தது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் எப்படி அரசுக்குப் பகையானார்கள் என்று இப்போது படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். குடித்துவிட்டுப் படுத்திருந்த கூலிக்காரனைவிட நிமிர்ந்து நடந்த கூலிக்காரனைக் கண்டுதான் துரைமார் பயந்தார்கள். 1947இல் காவல்துறை இறங்கியது, இயக்கம் உடைந்தது. தங்கள் முறை வந்தபோது அவர்கள் எழுந்து நின்ற காலம் ஏறக்குறைய ஓராண்டு. கெடாத் தமிழர் வரலாற்றில் அதற்கு ஈடான இன்னோர் ஆண்டைச் சொல்லுவது கடினம்.

நாம் விரும்பி நினைவில் வைத்திருப்பது வேறொரு போரை. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, கொண்டது. ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி ஊர்களை அடுக்கிக்கொண்டே போகிறது. 2025இல் வெளிவந்த 'சிவிலைசேஷன் 7' ஆட்டத்தில் சோழரும் ஓர் ஆட்டப்பேரரசாக இடம்பெற்றதும் நம் இளைஞர்கள் அதைப் பகிர்ந்து மகிழ்ந்ததும் இயல்பே. கடாரம் கொண்டவனின் வாரிசுகள் என்று மேடைகளில் முழங்குகிறோம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்களின் வாரிசுகள் என்று முழங்கி நான் கேட்டதில்லை. இரண்டும் உண்மை என்றாலும் ரத்தத்தில் நெருங்கியது இரண்டாவது. அதிலும் ஒரு வேடிக்கை: வெற்றியின் மேலும் நமக்குப் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழங்காலக் கோயில் அடித்தளமான பதினோராம் எண் சண்டியை ஒரு கட்டுமானத்துக்காக இயந்திரம் விட்டு இடித்த செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தபோதுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. நினைவு துடைக்கப்பட்ட நாயகன் தடியோடு கண் விழிக்கும் அந்தக் காட்சி கெடாப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருக்க நியாயமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, விற்கப்பட்டு, குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்குச் சிதறிய பிறகு, எங்கிருந்து வந்தோம் என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன?

ஆட்டங்களில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. என் குறை இரண்டு. முதலாவது, பணப்பை சம்பந்தப்பட்டது. ஸ்டார் ரயிலில் பிள்ளை ஆசைப்படும் வலிய தோழன் எளிதில் கிடைக்க மாட்டான். ஒவ்வோர் இழுப்புக்கும் ஆயிரத்தில் ஆறு என்பதே அடிப்படை வாய்ப்பு, தொண்ணூறாவது இழுப்பில்தான் உயர்தரத் தோழன் ஒருவன் உறுதி. சேர்த்து வைத்தது தீர்ந்தால் ரிங்கிட் கொடுத்து இழுக்கலாம். பிரஷ்யப் படையதிகாரியின் பலகையில் தொடங்கிய பகடை, போரின் வயிற்றிலிருந்து நழுவிப் பெற்றோரின் வங்கி அட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தருமன் நாட்டை வைத்து ஆடிய கதையைக் கூத்தில் பார்த்து வளர்ந்த சமூகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பெல்ஜியம் 2018இலேயே இத்தகைய காசுப் பெட்டகங்களைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. மலேசியாவில் ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் பெரும்பாலும் சண்டையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்.

இரண்டாவது குறையை ஆட்டம் செய்கிறவர்கள் மேல் முழுவதும் சுமத்த முடியாது. பழைய தமிழ்ப் போர் விளையாட்டு எதுவும் விழுந்தவனை விட்டுவிட்டு நகர்ந்ததில்லை. தொல்காப்பியம் போரை ஆநிரை கவர்வது தொடங்கிப் படிப்படியாகப் பகுத்து, வெற்றிக்குரிய வாகையை வைத்து, அதோடு நிறுத்தாமல் நிலையாமைக்குரிய காஞ்சியையும் அந்த வரிசையிலேயே சேர்த்தது. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்தில் துரியோதனனின் பேருருவை மண்ணில் படுக்க வைத்துப் படுகளம் நடத்தி, பகைவனுக்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சூரனோ கொடியில் சேவலாகவும் வாகனமாக மயிலாகவும் கும்பிடப்படுகிறான். போரில் விழுந்த சாதாரண மறவனுக்குக் கல் நட்டார்கள். தக்க கல்லைக் கண்டெடுப்பது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. திரைச்சண்டையில் விழுகிறவன் ஒளித்துகளாகச் சிதறி மறைகிறான். அவன் இருந்த இடத்தில் பரிசுப் பட்டியல் வருகிறது. சண்டையின் இன்பத்தை நம் பிள்ளைகள் முழுதாக வாங்கிக்கொள்கிறார்கள். அதோடு கூடவே வந்துகொண்டிருந்த துக்கம் அவர்களிடம் வந்து சேரவில்லை. அதைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு ஷாங்காயில் இருப்பவர்களுடையது என்று எப்படிச் சொல்வது? கூத்தும் படுகளமும் நம் கையில் இருந்தவை.

ஸ்டார் ரயில் வெளியான அதே 2023இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், வாட் தாவோர்ன் விகாரை வளாகத்தில், சயாம் ரயில் பாதையில் மடிந்த தமிழருக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. அதே ஊரில் நேச நாட்டுப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படையும் பொறித்திருக்கின்றன. நம்மவருக்கு எண்பது ஆண்டு கழித்து ஒரு கல். கையில் ஆயுதமே இல்லாமல் இறந்தவர்களுக்கு நட்ட கல் என்ற வகையில் தமிழ் மரபிலும் அது புதியது. நட்டவர்களை வணங்க வேண்டும். ஆனால் அந்த ஒரு கல்லில் எழுத வேண்டிய பெயர்கள் கெடாவின் தாமான் வீடுகளில்தான் இருக்கின்றன: யாருடைய தாத்தா, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை என்று.

உங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தை ஆடும் பிள்ளை இருந்தால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். வங்கி அட்டையை மட்டும் எடுத்து உள்ளே வையுங்கள். அலோர் ஸ்டாரில் ரயிலேறிப் பாடாங் பெசாரில் மாறினால் அங்கிருந்து பாங்காக் வரை தண்டவாளம் இருக்கிறது. காஞ்சனபுரிக்குப் போகும் கிளை அந்தப் பாதையிலிருந்தே பிரிகிறது. ஒரு பள்ளி விடுமுறையில் பிள்ளையை அழைத்துப் போய்வரலாம். அதற்கு முன் வீட்டு முதியவர்களிடம் கேட்டுப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 1943இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது.